ரோட்டுப் பக்கம் பெட்ரோல், ஆபீஸ் பக்கம் டீசல்

என் மருமகளைப் பெட்ரோல் பங்கில் எல்லோரும் ஜீரோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வந்து நின்றதும், பைப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால், மீட்டரைக் காட்டி "ஜீரோ பாத்துக்கோங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். சின்ன வண்டியோ பெரிய வண்டியோ, எல்லோருக்கும் அதே குரல்தான். சிலர் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு இன்னொரு தடவை சொல்வாள். அப்போதும் பார்க்காவிட்டால் பைப்பைத் தொடவே மாட்டாள். "பாத்தாச்சு தாயே, போடு" என்று அவர்கள் கும்பிடு போட்ட பிறகுதான் மூடியைத் திறப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் டீசல் காரில் பெட்ரோலைப் போட்டுவிட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போன் பேசிக்கொண்டே போட்டாளாம். தூங்கி வழிந்தாளாம். வயதாகிவிட்டதாம். வேலைக்கு வந்ததும் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிற இடம் அது. எந்தப் போனில் பேசினாள்? நாற்பத்து நாலு எல்லாம் ஒரு வயதா? நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். நான் அந்த இடத்தில் இல்லைதான். ஆனால் அங்கே டயருக்குக் காற்று அடிக்கும் காத்துக்காரர் வீட்டுக்கே வந்து ஒன்று விடாமல் சொன்னார். மீதியை அவள் சொன்னாள், ஒரே நாளில் இல்லை, பாத்திரம் கழுவும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிறவள் நடுவில் அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

என் மகன் போனபோது அவளுக்கு முப்பத்திரண்டு. லேத் பட்டறையில் வேலை பார்த்தவன், ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அவளைப் பெற்றவர்கள் வந்து கூப்பிட்டார்கள். "அத்தையத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நான் போகச் சொன்னேனா, இருக்கச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். வாயைத் திறக்கவில்லை. அவள் இருந்தாள்.

கீழே தையல் கடை, மேலே எங்கள் ஒற்றை அறை. கீழே மிஷின் ஓடினால் எங்கள் தரை அதிரும். தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த அறையிலிருந்து ஒரு வருடம் வேலை தேடினாள். மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். முதல் காரியமாக ஒரு தாளை நீட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். அங்கேயும் தாள். தாளைப் பார்த்ததும், "கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன், நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என்னைப் போலத்தான். ஆனால் எண் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு காய்கறித் தராசுக்குப் பக்கத்தில் நின்றவள். கூட்டல் கழித்தல் எல்லாம் மனதுக்குள்ளேயே ஓடும். பெயரைக் கையெழுத்தாகப் போடுவாள். என் மகன் சொல்லிக்கொடுத்தது. எழுத்து என்று தெரிந்து போட மாட்டாள், கோலம் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள்.

பங்கின் பழைய முதலாளிதான் தாளை நீட்டாதவர். மூன்றே கேள்வி கேட்டார். "சீக்கிரம் எந்திரிப்பியா? நின்னுக்கிட்டே இருப்பியா? கணக்கு வருமா?" மூன்றுக்கும் தலையாட்டினாள். எழுத்து தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய் ஆகுமா? ஆகாது. இதில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம்.

பங்கில் எழுத்தே தேவைப்படவில்லை. பச்சைப் பிடி போட்ட பைப் பெட்ரோல். கறுப்புப் பிடி டீசல், அதன் வாயும் கொஞ்சம் தடிமன். விலையும் அளவும் எண்கள். வேலை முடிந்ததும் பதிவேட்டில் நாலு வரி எழுத வேண்டும். அதை மட்டும் காத்துக்காரர் எழுதுவார், இவள் கோலம் இழுப்பாள். முதல் மாதமே அவர் கண்டுபிடித்துவிட்டார். "கண்ணாடி வீட்ல இருக்குன்னு தினமும் சொல்றியே, அது வீட்ல என்ன பண்ணுது? சமைக்குதா?" என்று கேட்டாராம். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சரி சரி, விடு தங்கச்சி. நான் காத்தை வித்துப் பொழைக்கிறவன். உன் ரகசியம் எனக்கு என்ன பாரம்?" என்றாராம். பதினோரு வருடம் அவர் வாயிலிருந்து அது வெளியே வரவில்லை.

எழுத்து இல்லாதவளுக்குக் காதும் மூக்கும் கத்திபோல் ஆகிவிட்டன. மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பாள். கீழே தெருவில் வண்டி வந்து நிற்கும். எட்டிப் பார்க்காமலே, "டீசல்" என்பாள். இன்னொன்று வரும். "பெட்ரோல். ஒரு பிளக் சரியில்ல." முதலில் நான் நம்பவில்லை. சும்மா அளக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் படியிறங்கிப் போய் அந்த வண்டிக்காரரையே கேட்டேன். "ஆமாம்மா, பிளக் மாத்தணும், உங்களுக்கு யாரு சொன்னா?" என்று முழித்தார். அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு விளையாட்டு. நானும் கண்ணை மூடிக் கேட்பேன். டீசல் என்றால் சத்தத்துக்குள் ஒரு தட்டல் இருக்கும், மரக்கதவை விரலால் விடாமல் தட்டுகிற மாதிரி. "தேறிட்டீங்க அத்தே, உங்களையும் பங்குல சேத்து விடறேன்" என்று சிரிப்பாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். பின் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் எழுத்து சொல்லித் தருகிறார்களாம். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை.

"எதுக்கு?" என்றேன்.

"தெரிஞ்சுக்கலாம்னுதான் அத்தே."

"ஆறு மணிக்கு நீ பலகையத் தூக்கிட்டுப் போனா அடுப்ப யாரு பத்த வைப்பா? நான் எழுத்து தெரியாம வாழலையா? மூணு பிள்ளை வளத்து ஆளாக்கலையா? நாப்பது வயசுல போய் பெஞ்சுல உக்காந்தா சிரிப்பாங்க."

அவள் நோட்டைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தாள். எனக்கு அப்போது மூட்டு வலி, நின்று சமைக்க முடியாது. அது உண்மைதான். ஆனால் உட்கார்ந்துகொண்டு சமைத்திருக்கலாம்.

போன வருடம் பழைய முதலாளி பங்கைக் கைமாற்றிவிட்டார். புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் இடித்துக் கட்டினார்கள். கூரை புதிது, வெளிச்சம் புதிது, மிஷின் புதிது. ஒரு சூப்பர்வைசரும் புதிதாக வந்தார். சின்ன வயது, சட்டை கசங்காத பிள்ளை. எல்லோரையும் "நீங்க", "வாங்க" என்றுதான் பேசுவார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

புது மிஷினில் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. எல்லாப் பிடியும் ஒரே சாம்பல் நிறம். பைப்பின் வாயும் ஒரே தடிமன். பெட்ரோல், டீசல் என்று மேலே எழுத்தில்தான் எழுதியிருந்தது. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். முதல் நாள் பார்த்துவிட்டு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் நிற்கிற பக்கத்தில் இரண்டு பைப். ரோட்டை ஒட்டியது பெட்ரோல், ஆபீஸ் அறையை ஒட்டியது டீசல். காத்துக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போதெல்லாம், "ரோட்டுப் பக்கம் பெட்ரோல், ஆபீஸ் பக்கம் டீசல்" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு மாதம் ஒரு சொட்டுத் தப்பவில்லை.

அந்த மிஷினுக்கு மறுபக்கமும் உண்டு. அங்கே வேறொரு ஆள் நிற்பார். அந்தப் பக்கம் வந்து மிஷினைப் பார்த்து நின்றால் எல்லாம் திரும்பிவிடும், ரோட்டை ஒட்டியது டீசல், ஆபீஸை ஒட்டியது பெட்ரோல். இடது கை பெட்ரோல், வலது கை டீசல் என்று பிடித்திருந்தால் தப்பித்திருப்பாள். எந்தப் பக்கம் நின்றாலும் அது மாறாது. அவள் ரோட்டையும் ஆபீஸையும் பிடித்தாள். ரோடும் ஆபீஸும் அசையாமல் அங்கேயேதான் இருக்கின்றன. நாம்தான் திரும்பி நிற்கிறோம்.

அன்றைக்கு அந்த மறுபக்கத்து ஆளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கிப்போய் வந்து நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் அவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, "அக்கா, நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கோங்க. இந்தப் பக்கம் நான் நிக்கறேன்" என்றார். இவள் போனாள். காலை ஒன்பதரை மணி வரைக்கும் வந்ததெல்லாம் இரண்டு சக்கர வண்டிகள். அந்தப் பக்கம் அவற்றுக்கென்று தனியாக ஒரு மூன்றாவது பைப் இருந்ததால் குழப்பமே வரவில்லை. வெயில் நேராக மீட்டர் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. கையால் வெயிலை மறைத்துக்கொண்டுதான் ஜீரோ காட்டினாள்.

ஒன்பதே முக்காலுக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தது. பல் டாக்டரம்மாவின் கார். மூன்று வருட வாடிக்கை. அந்த வண்டி டீசல் என்று மூடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. தெருமுனையில் திரும்பும்போதே இவளுக்குத் தெரியும். டாக்டரம்மா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, "அக்கா, ஃபுல் பண்ணிடுங்க. கிளினிக்ல நாலு பேரு உக்காந்திருக்காங்க" என்றார்.

"ஜீரோ பாத்துக்கோங்கம்மா."

"பாத்துட்டேன், பாத்துட்டேன். உங்ககிட்ட தப்ப முடியுமா?"

ஆபீஸ் பக்கம் டீசல். கை தானாகப் போய் ஆபீஸ் பக்கத்துப் பைப்பை எடுத்தது. மூடியைத் திறந்து வைத்து அழுத்தினாள்.

முதலில் சந்தேகப்பட்டது மூக்குதான். டீசலுக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள, கனமான வாசனை. பெட்ரோல் சுருக்கென்று மேலே ஏறும். ஆனால் பங்கில் எப்போதும் இரண்டு வாசனையும் கலந்துதானே நிற்கும், பக்கத்து வண்டியாக இருக்கும் என்று நினைத்தாளாம். இன்னும் கொஞ்சம் போனது. மறுபடியும் சுருக்கென்றது. குனிந்து, கையால் வெயிலை மறைத்து, மீட்டரில் லிட்டர் விலையைப் பார்த்தாள். எண் பொய் சொல்லாது. அது பெட்ரோல் விலை. சட்டென்று பிடியை விட்டுவிட்டாள். பதினாலு லிட்டர் போயிருந்தது.

"அப்போ எப்படிடி இருந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"காலுக்குக் கீழ தரை இல்ல அத்தே" என்றாள்.

டாக்டரம்மா போனிலேயே காசைக் கட்டிவிட்டு, "போதுமா? சரி" என்று காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஓடும். ஓடினால் அரை மைல் போகும், அப்புறம் திணறும், நிற்கும். பெட்ரோலுக்கு வழவழப்பு கிடையாது. டீசல் வண்டியின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசி அரைபட்டுப் போகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். வண்டி போய்விட்டால், எங்கேயோ நின்றால், தப்பு இங்கேதான் நடந்தது என்று உடனே சொல்ல ஆள் இல்லை. காத்துக்காரர் பிற்பாடு அதையே கேட்டார். "பேசாம விட்டிருக்கலாமே தங்கச்சி. அப்புறம் பாத்துக்கிட்டிருக்கலாம்." அதற்கு இவள் சொன்னது: "அந்த வண்டி நல்ல வண்டி அண்ணே. எவ்ளோ அழகா ஓடும் தெரியுமா? எப்படி விடறது?"

ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டு கத்தியிருக்கிறாள். "ஸ்டார்ட் பண்ணாதீங்க! ஸ்டார்ட் பண்ணாதீங்கம்மா!"

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார். "என்னக்கா? டயரா?"

"தப்பாப் போட்டுட்டேன். பெட்ரோலப் போட்டுட்டேன்."

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். டாக்டரம்மா முதலில் பொரிந்து தள்ளினார். "கண்ணு எங்க இருந்துச்சு? நாலு பேரு வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க அங்க!" அதில் ஒருவர் அந்தப் பல்வலிக்காரர். காத்துக்காரர் காரைத் தள்ளிக்கொண்டே, "அவன் அங்க டாக்டருக்குக் காத்துக்கிட்டு இருக்கான், டாக்டர் இங்க மெக்கானிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்ல, ஒருவரும் சிரிக்கவில்லையாம். இவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாராம்.

மெக்கானிக் வந்து, டேங்கில் இருந்ததை எல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி டிரம்மில் விட்டு, துடைத்து, புது டீசல் ஊற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும், "ஸ்டார்ட் பண்ணாம இருந்தீங்களே, புண்ணியம். பண்ணியிருந்தா பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போயிருக்கும்" என்றார். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. சூப்பர்வைசரிடம், "அவங்கதான் குறுக்க வந்து நிறுத்தினாங்க. எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது இவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

புது நிர்வாகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன தப்புச் செய்தாலும் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி எப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வேன். சொந்தக் கையெழுத்தில், ஆபீஸ் அறையில் உட்கார்ந்து. எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஃபைலில் போய்த் தூங்கும்; வேலைக்கு ஒன்றும் வராது. காத்துக்காரரே ஒன்று எழுதியிருக்கிறார், ஒரு டயரை வெடிக்கவிட்டதற்கு. பல்வலிக்காரர் மூன்று எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அது பத்து நிமிட வேலை.

இவளை நாற்காலியில் உட்கார வைத்து, வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தார் சூப்பர்வைசர். "பயப்படாதீங்க அக்கா. நாலு வரி எழுதுங்க, போதும்."

"கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன் தம்பி. நாளைக்கு எழுதிட்டு வரேன்."

"இங்கயே எழுதணும்னு ரூல் அக்கா. இந்தாங்க, எங்க அப்பாவோட கண்ணாடி. ரிப்பேருக்குக் குடுக்கக் கொண்டு வந்தேன், இன்னிக்குப் பாத்து உங்களுக்கு உதவுது." பையிலிருந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை என்றேனே.

அவள் போட்டுக்கொண்டாள். சுவரில் ஒட்டியிருந்த எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிந்ததாம். பெரிதானதே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

காத்துக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "கை நடுங்குதே பாவம். நான் எழுதறேன் சார், தங்கச்சி சொல்லட்டும்."

"நடுங்கினா பரவாயில்லைண்ணே. மெதுவா எழுதட்டும். நீங்க வெளிய பாருங்க, டயரோட ஒருத்தர் நிக்கறாரு."

ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வண்டிகள் வந்து போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்ரோல், பெட்ரோல், டீசல், பெட்ரோல் என்று மனது தானாகச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். அப்புறம் பேனாவை எடுத்து, தெரிந்ததை எழுதினாள். மணி 9.35. மிஷின் 2. காரின் நம்பர், அதில் எண்களை மட்டும். லிட்டர் 14.32. அன்றைக்குப் பெட்ரோல் என்ன விலை, டீசல் என்ன விலை. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, தராசுக்குப் பக்கத்தில் அப்பா எழுதுகிற மாதிரி நேராக. கீழே கோலத்தை இழுத்தாள்.

சூப்பர்வைசர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இது என்னக்கா?"

"நடந்தது தம்பி."

"இல்ல, எப்படி நடந்துச்சுன்னு எழுதணுமே."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடக்கி மேஜைமேல் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னல் வழியாக அந்த மிஷினைப் பார்த்தார். அப்புறம் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதுவரைக்கும் திறந்துதான் இருந்தது.

"பதினோரு வருஷமாவா அக்கா?"

"பதினோரு வருஷம் நாலு மாசம்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா?"

எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பைப்பில் நிறுத்தக் கூடாது என்பது மேலிடத்துச் சட்டமாம். தெரியாதவரைக்கும் சூப்பர்வைசர் பொறுப்பில்லை. தெரிந்தபின் வைத்திருந்தால் அவர் வேலை போகும். அவருக்கும் வீட்டில் ஒரு அப்பா, அவருக்கும் ஒரு கண்ணாடி. பெருக்குகிற வேலையாவது உண்டா என்று இவள் கேட்டாள். அது கான்ட்ராக்டில் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது என்று அவளே சொன்னாள். உடைந்து என்ன செய்ய?

மறுநாள் யூனிபார்ம் சட்டை இரண்டையும், தொப்பியையும் துவைத்து, தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். காலர் அழுக்கைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். "எவளோ போடப் போறா, விடேன்" என்றேன். "எவளோ போடப் போறாளே, அதுக்குத்தான்" என்றாள்.

டாக்டரம்மா எப்படியோ கேள்விப்பட்டு, கிளினிக்கைத் துடைத்து மெழுக வரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. மூன்று நாள் போனாள். நாலாம் நாள் போகவில்லை. கேட்டதற்கு, "அங்க ஒரு அலமாரி பூரா பாட்டில் அத்தே. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை மூடி. தரை தொடைக்கற மருந்து எது, வாய் கொப்புளிக்கறது எதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். "மோந்து பாக்க வேண்டியதுதானே, உனக்கா தெரியாது?" என்றேன். "அன்னிக்கும்தான் மோந்தேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, போனது வேலை மட்டும் இல்லை என்று. சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் பன்னிரண்டு வருடமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. இப்போது திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறாள். இரண்டு தடவை பார்க்கிறாள். என் மூட்டுக்குத் தடவுகிற தைலத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுதானே அத்தே?" என்று கேட்கிறாள். பூட்டின கதவைப் பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறாள்.

போன வாரம் நான் துணிப்பெட்டியைக் குடைந்து அந்த நோட்டை எடுத்தேன். அட்டை பழுத்துப் போயிருந்தது. உள்ளே ஒரு கோடு கூட இல்லை. அவள் முன்னால் வைத்தேன். "இன்னிக்கு ஆறு மணிக்குப் போ. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப எதுக்கு அத்தே?" என்றாள். அவ்வளவுதான். மடியில் இருந்த துணியை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். "போடி, உனக்காகத்தான் சொல்றேன்" என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை வயதுக்கு மேல் அந்தச் சொல் வாய்க்குப் பழக்கம் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது சாயங்கால வகுப்பே இல்லை என்று கீழே தையல் கடையில் பிறகு சொன்னார்கள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் மூன்று மணி. கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நிற்கிற வேலை இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அப்படிப் படுத்துவிடுகிறாள். தையல் மிஷின் ஓய்ந்திருந்தது. கீழே ஒரு கார் வந்து, இன்ஜினை அணைக்காமல் நின்றது. பழைய விளையாட்டுக்கு இழுத்துப் பார்க்கலாம் என்று, "என்ன வண்டிடி அது?" என்றேன்.

தலையைத் திருப்பிக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். கார் கிளம்பி, திரும்பி, சத்தம் தேய்கிற வரைக்கும் கேட்டாள்.

"தெரியல அத்தே" என்றாள்.

மரக்கதவை விரலால் தட்டுகிற மாதிரி அந்தத் தட்டல் தெளிவாக இருந்தது. எனக்கே தெரிந்தது. டீசல்.